பதினெட்டு வயதாகும் மகன், நாலு ஊர் மருத்துவம், ஒரு நோட்டு

பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு வருகிற ஆவணியோடு பதினெட்டு முடிகிறது. ஆட்டிசம், எட்டு வயதிலிருந்து வலிப்பும் சேர்ந்துகொண்டது. வலிப்புக்குத் திருவனந்தபுரம், ஆவேசத்துக்கு மாத்திரை எழுதும் மனநல மருத்துவர் நாகர்கோவில், பேச்சுப் பயிற்சி மார்த்தாண்டம், ஸ்பெஷல் ஸ்கூல் வீட்டுப் பக்கம். "ஒருத்தர் சொல்லுறது அடுத்தவருக்குத் தெரியாது. பதினெட்டு ஆனா இங்க கொண்டுவர வேண்டாம்னு குழந்தைகள் ஓ.பி.யில சொல்லியாச்சு. அவனுக்க அப்பா மஸ்கட்ல. நான் எங்கிருந்து தொடங்கணும்?" என்பது கேள்வி.

நான் மருந்து எழுதுகிற ஆள் இல்லை. கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கமும் இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பிள்ளைகளின் வீட்டாரோடு அலைகிற மருத்துவச் சமூகப் பணியாளர். அதனால் என் பதிலும் அலைச்சல் பக்கத்திலிருந்துதான் வரும்.

எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்த்து, அடுத்து என்ன என்று அவர்களே கூப்பிட்டுச் சொல்லும் இடம் ஒன்றை நீங்கள் தேடுகிறீர்கள். எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, பதினெட்டு தாண்டிய பிள்ளைக்கு அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் பொது அமைப்பான நைஸ் (NICE) 2013-இல் தந்த வழிகாட்டி, ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. பதினான்கு வயது வாக்கிலேயே மறுபடி பார்த்து, பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கச் சொல்கிறது. நமக்கு அந்தப் பொறுப்பாளர் கிடையாது. அந்த நாற்காலியில் இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், சமையலும் துணிதுவைப்பும் போக. அதில் வேறு யாரைக் கொஞ்ச நேரமாவது உட்கார வைக்கலாம் என்று பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழித்துறைப் பக்கம், பத்தொன்பது வயது, பேச்சு கிடையாது. ஒரு தை மாதம் திடீரென்று தன் இடது தாடையில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். உள்ளங்கையின் அடிப்பாகத்தால், சத்தம் கேட்கும்படி. ஓர் இடத்தில் மாத்திரை அளவைக் கூட்டினார்கள். இன்னோர் இடத்தில் மாத்திரையை மாற்றினார்கள். பயிற்சி மையத்தில் "கவனத்தைத் தன் பக்கம் இழுக்கச் செய்கிறான், கண்டுகொள்ளாதீர்கள்" என்றார்கள். இரண்டு மாதம் ஓடிப்போனது. அந்த அம்மா படித்தது ஏழாம் வகுப்பு. தேதி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், அவன் எப்போதெல்லாம் அடித்துக்கொண்டான், அன்றைக்கு என்ன சாப்பாடு என்று எழுதிவைத்திருந்தார். ஒருநாள் அந்தத் தாள்களை என் மேசையில் பரப்பினார். கஞ்சி குடித்த நாட்களில் அடி இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீனும் வைத்த நாட்களில் சாப்பிட்டு முடியும்வரை அடி. என்னோடு இருந்த நர்ஸ்தான் கேட்டார்: "அவனுக்க வாயை யாராவது தொறந்து பாத்தாங்களாக்கா?" கடைவாய்ப் பல் சொத்தையாகி அடியில் சீழ் கட்டியிருந்தது. மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு வாரத்தில் அடி நின்றது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். கூட்டிய மாத்திரை அப்புறமும் ஒரு வருடம் ஓடியது. கூட்டியவருக்குப் பல் விஷயம் தெரியாது. பல்லைப் பிடுங்கியவருக்கு மாத்திரை விஷயம் தெரியாது. பையன் பதினொரு கிலோ ஏறினான். யாரும் மோசமானவர்கள் இல்லை, அவரவர் பங்கை அவரவர் செய்தார்கள். வாய் மட்டும் யாருடைய பங்கிலும் வரவில்லை.

ஆகவே பிள்ளையின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தூக்கம், வலிப்பு. இதையெல்லாம் தள்ளிவிட்ட பிறகுதான் மனசுக்கும் மாத்திரைக்கும் வர வேண்டும். பதின்பருவத்தில் இன்னும் இரண்டைக் கவனிக்கச் சொல்வேன். ஆட்டிசத்தில் வலிப்பு சின்ன வயதில் ஒருமுறையும் பதின்பருவத்தில் இன்னொருமுறையும் தலைகாட்டுவது உண்டு. அதனால் இதுவரை வலிப்பு வராத பிள்ளைகளின் பெற்றோரும் வெறித்த பார்வை, திடீர் உதறல் போன்றவற்றைப் போனில் வீடியோ எடுத்துவையுங்கள். மற்றது, நன்றாக நடந்துகொண்டிருந்தவன் மெல்ல மெல்ல மந்தமாகி, வாசல்படியில் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பது, ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் உறைந்துபோவது. இதைச் சோம்பல் என்றோ அடம் என்றோ விட்டுவிடக் கூடாது. கேட்டடோனியா என்ற நிலையாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு, சீக்கிரம் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போது உங்கள் மகனின் மருந்துக்கு வருகிறேன். என்னென்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இரண்டு ஊரில் இரண்டு பேர் எழுதும்போது என்ன ஆகும் என்பதற்கு நான் அடிக்கடி பார்க்கும் உதாரணம் இது. கார்பமசபைன் என்ற வலிப்பு மாத்திரை, கல்லீரல் வேறு பல மருந்துகளை வேகமாகச் சிதைத்துவிடும்படி செய்யும். ஆட்டிசப் பிள்ளைகளின் ஆவேசத்துக்குப் பரவலாக எழுதப்படும் ரிஸ்பெரிடோன் அவற்றில் ஒன்று. திருவனந்தபுரத்தில் கார்பமசபைன் தொடங்கினால் நாகர்கோவில் ரிஸ்பெரிடோன் ரத்தத்தில் குறையும். பையன் மறுபடி முரண்டுபிடிப்பான். வலிப்பு மாத்திரை மாறியது தெரியாத மனநல மருத்துவர் அளவைக் கூட்டுவார். ஆறு மாதம் கழித்து வலிப்பு மருத்துவர் கார்பமசபைனை விலக்கி வேறொன்று தருவார். அப்போது கூட்டிவைத்த ரிஸ்பெரிடோன் முழு பலத்தோடு நிற்கும். பகலெல்லாம் தூக்கம், எச்சில் வடிதல், கைகால் விறைப்பு. வீட்டில் செய்வினை என்று சொல்லி முட்டை உடைத்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையும் ரிஸ்பெரிடோனும் சேர்ந்தால் இரண்டுமே எடையை ஏற்றும். எடை, வயிற்றுச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு இவற்றைக் குறித்த இடைவெளியில் பார்ப்பது இரண்டு மருத்துவர்களில் யார் பொறுப்பு என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் வால்ப்ரோயேட் பற்றித் தனியாகவே பேச வேண்டும், கருவைப் பாதிக்கிற மருந்து அது. இன்னொன்று, காய்ச்சல் சளிக்குப் பக்கத்து கிளினிக்கில் எழுதும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கார்பமசபைன் அளவை ஏற்றித் தள்ளாட வைக்கும். மருந்துக் கடையிலும் "இவன் வலிப்பு மாத்திரை சாப்பிடுறவன்" என்று சொல்லி வாங்குங்கள். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு வேண்டும். பெரிய ஃபைல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், பிளாஸ்டிக் கவரில், இ.இ.ஜி. தாள்கள் மடங்கிக் கிழிந்து. மூன்று நிமிடத்தில் அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டிய மருத்துவர் அதைப் பிரிக்க மாட்டார், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் மருந்துகள்: பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, யார் எழுதியது, எந்தத் தேதியிலிருந்து. மாற்றம் வந்தால் அடித்துவிட்டு கீழே எழுதுங்கள், கிழிக்காதீர்கள். அடித்த வரிதான் அடுத்த மருத்துவருக்குக் கதை சொல்லும். அதற்கு அடுத்த பக்கத்தில் வலிப்பு வந்த தேதிகள். அப்புறம், எந்த மருத்துவமனையும் கேட்காத, ஆனால் எல்லோருக்கும் தேவையான ஒரு பக்கம்: அவனுக்கு வலித்தால் என்ன செய்வான், வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தம் தாங்காது, ஊசி போடும்போது என்ன செய்தால் அடங்குவான். மீதிப் பக்கங்களில் ஒவ்வொரு மருத்துவரும் இரண்டு வரி எழுத இடம். "அடுத்த டாக்டருக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் எழுதித் தருகிறார்கள் என்பது என் அனுபவக் கணக்கு. கேட்காவிட்டால் ஒருவரும் எழுதுவதில்லை.

சரி, நாற்காலியில் யார்? பெரிய மருத்துவமனையின் பெரிய பெயர் வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டிலிருந்து ஆட்டோவில் போகக்கூடிய தூரத்தில், போன் எடுக்கிற, மற்ற இருவருக்கும் கடிதம் எழுதத் தயங்காத ஒரு பொது மருத்துவர் போதும். இரண்டு மாநிலத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. வெளியூர் அரசு மருத்துவமனைகளில் குறித்த நாட்களில் மனநல மருத்துவர் வந்து பார்ப்பார், மாத்திரையும் இலவசம். உங்கள் தாலுகாவில் எந்தக் கிழமை என்று விசாரியுங்கள். அங்கே மருத்துவரோடு சமூகப் பணியாளரும் வருகிற நாளாக இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், என் இனம் என்பதற்காகச் சொல்லவில்லை. மதிப்பீடு, பயிற்சித் திட்டம் போன்றவற்றுக்கு திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ் (பேச்சு, செவித்திறனுக்கான தேசிய நிறுவனம்) போன்ற இடங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை போனால் போதும். வாராவாரம் அலைவதற்கு உங்கள் மகனுக்கும் தெம்பில்லை, உங்களுக்கும் இல்லை.

படித்த நிபுணர்தான் நூலைப் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு, நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்களே வீடு தேடிப்போய் வழிகாட்டிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. பெற்றோர் பிள்ளையோடு பழகும் விதத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. உங்கள் பக்கத்தில் அதற்கு நிகராக ஒன்று இருக்கிறது. கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் ஆதரவில், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக நடக்கும் பட்ஸ் பள்ளிகள். முதல் பள்ளி 2004-இல் வெங்ஙானூரில் தொடங்கியது, உங்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை. பதினெட்டு தாண்டியவர்களுக்கு பட்ஸ் மறுவாழ்வு மையங்கள் தனியாக உண்டு. உங்கள் பஞ்சாயத்திலோ பக்கத்துப் பஞ்சாயத்திலோ இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். அங்குள்ள டீச்சர் தினமும் பிள்ளையைப் பார்க்கிறவர். நோட்டின் நகல் ஒன்று அவரிடம் இருக்கட்டும்.

குழந்தைகள் ஓ.பி.யில் "இனி வரவேண்டாம்" என்றார்களே, அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள். பிறந்தநாளுக்கு முன் ஒரு கடைசித் தேதி வாங்குங்கள். இதுவரை நடந்தது, முயன்று பலிக்காத மருந்துகள், இனி யாரிடம் என்று ஒரு சுருக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தால் புதிய மருத்துவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பழையவரிடம் திரும்பி வந்து விடைபெறுங்கள். ஆட்டிசம் என்றாலே குழந்தைகள் பிரிவு என்று நம் மருத்துவமனைகள் நினைப்பதைப் பார்க்கையில் எனக்கு டொனால்ட் டிரிப்லெட் நினைவுதான் வரும். ஆட்டிசத்தை விவரித்து மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் எழுதிய கட்டுரையில் முதல் பிள்ளை அவர். அமெரிக்காவில் தன் சொந்தச் சிற்றூரில் வங்கியில் வேலைபார்த்து, 2023-இல் 89 வயதில் இறந்தார். அவருடைய வாழ்க்கையில் குழந்தைப் பருவம் எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பதினெட்டில் சட்டமும் மாறும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வரை இலவசக் கல்வி என்கிறது, அதற்கு மேல் பள்ளிக்குக் கட்டாயம் இல்லை. பதினெட்டு நிறைந்ததும், பெற்றவர் என்பதாலேயே நீங்கள் அவனுக்குச் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். வங்கிக் கணக்கில்தான் பெரும்பாலும் இது முதலில் முட்டும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழு காப்பாளர் சான்று தருகிறது. ஆட்டிசம் அதில் அடங்கும். கணவர் லீவில் வரும்போது இந்த வேலையை எடுத்துவிடுங்கள், அவருடைய கையெழுத்து தேவைப்படும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது வேண்டும் என்று ஓடவும் வேண்டாம். கையெழுத்துப் போட, பணம் எண்ண, "வேண்டாம்" சொல்லத் தெரிந்த பிள்ளைகளின் முடிவுகளை நாம் அவசரப்பட்டு எழுதி வாங்கிக்கொள்ளக் கூடாது.

அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும், வயது வரம்பு கிடையாது, மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. புதுப்பிக்க மறந்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. மார்ச் 31-க்கு முன் என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தற்காலிகமானதா, எப்போது முடிகிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

எல்லையில் வசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யு.டி.ஐ.டி. இந்தியா முழுக்கச் செல்லும். மருத்துவரை எந்தப் பக்கமும் பார்க்கலாம். ஆனால் பணம் தரும் திட்டங்கள் குடியிருப்பைப் பார்க்கும். உங்கள் ரேஷன் கார்டு கேரளம் என்றால் விண்ணப்பம் அக்ஷயா சென்டர், பஞ்சாயத்து, திருவனந்தபுரம் கலெக்டரேட். கொல்லங்கோடு, களியக்காவிளைக்காரர்கள் என்றால் இ-சேவை மையம், நாகர்கோவில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கேட்கலாம். கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்று, பராமரிப்பவருக்கே மாதம் 600 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனாலும் "பராமரிப்பவர்" என்று உங்கள் பெயர் ஓர் அரசுத் தாளில் ஏறுகிறது, புதிய விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொண்டு, அதற்காகவே போடுங்கள் என்பேன். மாமியார் வீட்டு முகவரியில் அங்கொன்று, உங்கள் முகவரியில் இங்கொன்று என்று இரண்டிலும் போடுகிறவர்கள் உண்டு. ஆதாரில் ஒன்று இடித்தால் இரண்டும் நின்றுபோகும்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த ஊரில் எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பயிற்சியில் ஆங்கிலம். "ஒரே மொழி பேசுங்க, அவன் குழம்புறான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டிக்குத் தெரியாத மொழியை வீட்டுமொழி ஆக்கினால் அவன் பாட்டியை இழப்பான், அவ்வளவுதான் லாபம். படம் காட்டிப் பேசுகிறவனாக இருந்தால் மட்டும் ஒன்று செய்யுங்கள்: மார்த்தாண்டத்தில் காட்டும் அதே படங்களைப் பள்ளியிலும் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கு அங்கே டம்ளர் படமும் இங்கே குழாய் படமும் இருந்தால் எந்தப் பிள்ளையும் கோபப்படத்தான் செய்யும்.

உங்களைப் பற்றி. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எல்லா அம்மாவும் சொல்வதால் நான் இப்போது அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. கடைசியாக பி.பி. பார்த்தது எப்போது, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அவனைத் தூக்கி நிறுத்தும்போது முதுகில் எந்த இடம் வலிக்கிறது என்று கேட்பேன். நோட்டின் கடைசிப் பக்கம் உங்களுக்கு. அவனுடைய ஒவ்வொரு வருகையிலும் உங்கள் பி.பி.யையும் எடையையும் அதில் எழுதச் சொல்லுங்கள், வெட்கப்படாமல். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையோ வெறுமையோ விடவில்லை என்றால், ஒரே நாளில் அவனுக்கு ஒன்றும் உங்களுக்கு ஒன்றுமாக இரண்டு ஓ.பி. சீட்டு எடுங்கள். நடுராத்திரி என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். பணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

அவன் பட்ஸிலோ பள்ளியிலோ இருக்கும் நேரத்தை வீட்டு வேலைக்கென்று மொத்தமாக எழுதி வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு பகல் உங்களுடையது. மஸ்கட்டில் இருப்பவருக்கும் வேலை கொடுங்கள். மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் முதல் பக்கப் பட்டியலை அவர் கம்ப்யூட்டரில் அடித்து வைக்கட்டும், காப்பீட்டுத் தேதியை அவர் நினைவூட்டட்டும். தூரத்தில் இருக்கும் அப்பாக்களுக்குப் பணம் அனுப்புவதைத் தவிர வேறு வேலை தராததால்தான் அவர்கள் போனில் "ஏன் இப்படி, ஏன் அப்படி" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவனுக்குத் தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களைச் சின்ன அம்மாவாக்கி விடாதீர்கள்.

இந்த வாரமே முடிக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. கைக்கு அடங்கும் ஓர் அட்டை. பெயர், உங்கள் எண், ஆட்டிசம், வலிப்பு, மாத்திரைகள், பேசமாட்டான் என்றால் அது, வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் 108 கூப்பிட வேண்டும் என்பது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் மூக்கில் அடிக்கும் மருந்து அவனுக்குத் தரலாமா என்று வலிப்பு மருத்துவரிடம் கேட்டு, சரி என்றால் அதையும் எழுதுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம், மருந்துப் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தில். லேமினேட் செய்து பையில் ஒன்று, பள்ளியில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று. மலையாளப் பக்கத்தை பஞ்சாயத்தில் தெரிந்தவர் யாரிடமாவது காட்டிவிடுங்கள். நான் எழுதிக் கொடுத்த ஓர் அட்டையின் மலையாளப் பக்கத்தில் 'வலிப்பு' என்பதற்கு 'வலி' என்று பொருள்படும் சொல் விழுந்து, ஆம்புலன்ஸ்காரர் பையனுக்கு எங்கே வலிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.